சிலும்பியும் அவள் தம்பி நெருப்பும்

அந்தக் காலத்தில் செடிக்கும் வாய் உண்டு, நெருப்புக்கும் காது உண்டு. ஒருவர் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான். சொல்லிவிட்டு, "அட, சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்று நழுவுகிற கெட்டிக்காரத்தனமெல்லாம் பின்னால் வந்தது. அதை நாம்தான் கண்டுபிடித்திருப்போம்.

அப்போது தெற்கே, கடல் தாண்டி, இன்னொரு கடலும் தாண்டி, கங்காரு தாவித் திரிகிற பெரிய தீவில், ஓர் ஓடைக்கரையில் சிலும்பி என்று ஒரு செடி இருந்தாள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அடியிலிருந்தே குத்தாகக் கிளைத்த செடி. சிலும்பி என்பது பெற்றவர் வைத்த பெயரில்லை, சிலும்பின தலைக்காரி என்று ஊர் வைத்தது. பின்னே என்ன? பூ என்றால் நாலு இதழ் பளிச்சென்று விரிய வேண்டாமா? சிலும்பிக்கும் இதழ் இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் அரிசிக் குறுணை அளவு. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கண் வலிக்கும். இதழுக்குப் பதிலாக மகரந்த இழைகள்தான் கொத்துக் கொத்தாய், கிளையைச் சுற்றி நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதுவும் வெளிறிப்போன கஞ்சித் தண்ணீர் நிறம்.

"என்னடி, இன்னைக்கும் தலை வாராமலே எழுந்து வந்துட்டியா?" என்று கேட்காத ஆள் அந்தக் கரையில் இல்லை.

"வாரி முடிஞ்சுட்டா, வர்ற குருவி எங்கே உக்காரும்?" என்பாள் சிலும்பி. அவள் வாய்க்கு யாரும் நிற்க முடியாது.

கேலி செய்தாலும் எல்லாரும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். காரணம், அவள் கை. இல்லை என்று சொல்லாத கை. வந்தவர் யாராக இருந்தாலும், "சாப்பிட்டியா?" என்பதுதான் முதல் பேச்சு. ஒவ்வொரு இழைக்கும் அடியில் ஒரு சொட்டுத் தேன் வைத்திருப்பாள். தனக்கு வேர் உறிஞ்சித் தருவதிலும் தினம் ஒரு பிடியை ஒதுக்கி, மண்ணுக்குள்ளே அடிக்கட்டையில் பத்திரமாகப் போட்டு வைப்பாள். "எந்த நேரம் யார் வருவாங்கன்னு தெரியுமா? பானை காலியா இருக்கக் கூடாது" என்பாள். அப்படிச் சேர்ந்து சேர்ந்து, மண்ணுக்கடியில் அவளுடைய அடிக்கட்டை சேனைக்கிழங்கு மாதிரி பருத்துக் கிடந்தது.

இப்படிப்பட்டவள் வாசலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சாப்பிட்டவர் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லக் கூடாது. "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு தரம் கங்காரு ஏதோ அவசரத்தில், "போறேன் சிலும்பி" என்று கத்திக்கொண்டே ஒரு தாவு தாவிவிட்டது. "ஏய், நில்லு! என்ன சொன்னே?" என்று சிலும்பி போட்ட கூச்சலில் ஓடையே ஒரு நிமிஷம் நின்று பார்த்தது. கங்காரு பாதி மேட்டிலிருந்து திரும்பி வந்து, நின்று, மூச்சு வாங்கி, "போய்ட்டு வரேன், தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

இதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்கிறீர்களா? அது அவள் நெஞ்சில் இருந்த முள்.

அவளுக்குப் பிள்ளை பிறக்காமல் இல்லை. வருஷா வருஷம் பூப்பாள், காய்ப்பாள், காய்க்குள்ளே தூசி மாதிரி விதைகள் நிறையும். அப்போதெல்லாம் அவளுடைய காய்க்கு மெல்லிய தோல்தான். முற்றியதும் தானே வெடிக்கும். "போறேம்மா! போறேம்மா!" என்று கும்மாளம் போட்டுக்கொண்டு விதைகள் கீழே குதிக்கும். குதித்ததில் எது பிழைத்தது? கரை முழுக்கத் தைல மரங்கள் வானத்தை அடைத்து நின்றன. அதற்குக் கீழே புதர். புதருக்குக் கீழே புல். வெயில் தரையைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சிலதை எறும்பு தூக்கும், சிலதை ஓடை இழுக்கும், மிச்சம் நிழலில் முளைத்து வெளுத்துச் சாகும். இத்தனை பெற்றும், பக்கத்தில் நின்று "அம்மா" என்று கூப்பிட ஒன்று இல்லை.

போறேன் என்று சொல்லிப் போனதால்தான் என் பிள்ளைகள் போனதாகவே போய்விட்டார்கள் என்று அவள் மனசில் எப்படியோ விழுந்துவிட்டது. யார் சொல்லியும் அது மாறவில்லை. பெற்றவள் மனசு அப்படித்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு கோடையில், வடக்கு மேட்டிலிருந்து நெருப்பு வந்தான்.

நெருப்பு என்றதும் இப்போது நீங்கள் நினைக்கிற ஆளை நினைக்காதீர்கள். அன்றைக்கு அவன் நோஞ்சான். மலை உச்சியில் இடி விழுந்து பிறந்தவன். பெற்றுப் போட்ட இடி திரும்பியும் பார்க்கவில்லை. பாறை இடம் கொடுக்கவில்லை, பச்சைப் புல் முகத்தைச் சுளித்தது, மழை கண்ட இடத்தில் எல்லாம் தலையில் குட்டியது. ஒரு காய்ந்த குச்சியைப் பிடித்துக்கொண்டு, இப்பவோ அப்பவோ என்று கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, தவழ்ந்து வந்தான்.

முதலில் பார்த்தது கீச்சி. அவள் ஒரு தேன்குருவி, சிலும்பியின் தோழி, நாள் முழுக்க அவள் தலையில்தான் குடித்தனம்.

"ஐயையோ, அவன்டி! அவன் தொட்டதெல்லாம் பொசுங்கிப் போகுதாம். பேசாம இரு, கண்டுக்காதே, தன்னால அணைஞ்சுடுவான்!"

சிலும்பி எட்டிப் பார்த்தாள். குச்சி முடியப் போகிறது. பையன் முகத்தில் உயிர் இல்லை.

"பசிச்ச முகத்தைப் பார்த்துட்டு எப்படிடி முகத்தைத் திருப்பறது?" என்றவள், குரலை உயர்த்தி, "ஏன்டா தம்பி, சாப்பிட்டியா?" என்றாள்.

நெருப்பு திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறந்ததிலிருந்து அவனிடம் அப்படி ஒருத்தர் கேட்டதில்லை.

"அதோ அந்த மணல்ல உக்காரு. இந்தப் பக்கம் கையை நீட்டக் கூடாது. போடறதைச் சாப்பிடணும், அக்கம்பக்கத்தில மேயக் கூடாது. சரியா?"

"சரிங்க."

சிலும்பி தன் காய்ந்த இலைகளை உதறிப் போட்டாள். பட்டுப்போன சுள்ளியை முறித்துப் போட்டாள். பக்கத்துத் தைல மரத்தைப் பார்த்து, "உரிஞ்சு தொங்கற பட்டையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? போடேன்" என்று அதட்டி நாலு பட்டையும் வாங்கிப் போட்டாள். நெருப்பு மணலை விட்டு ஒரு விரற்கடைகூட நகராமல் சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிட முகம் தெளிந்தது.

"உங்க இலையில எலுமிச்சம்பழ வாசம் வருதுக்கா" என்றான்.

அக்கா! அந்த ஒரு வார்த்தையில் சிலும்பி கரைந்துவிட்டாள். கரையாமல்? அவளை ஊரே சிலும்பி என்றது, பிள்ளைகள் பக்கத்தில் நின்று அம்மா என்று கூப்பிடுவதற்குள் போய்விட்டன. அக்கா என்று சொந்தம் கொண்டாடி வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

"இன்னும் ரெண்டு சுள்ளி வச்சுக்கோ. கூச்சப்படாதே. நீங்க வாங்கன்னு எல்லாம் வேணாம், நீ வான்னே சொல்லு" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் நெருப்பு மணலில் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, உடன்பிறந்தவன் வெறுங்கையோட வரக் கூடாதுன்னு மலையில பேசிக்குவாங்க. எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. என் நிறம்தான் இருக்கு." சொல்லிவிட்டு, தன் உடம்பிலிருந்து சிவப்பை ஒரு கை அள்ளித் தூர இருந்தே ஊதினான். அது சிலும்பியின் சிலிர்த்த தலையில் போய் விழுந்தது. கஞ்சித் தண்ணீர் இழையெல்லாம் குங்குமச் சிவப்பாகிவிட்டது. பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு, தன் நுனியில் மினுங்குகிற மஞ்சளையும் கிள்ளி, ஒவ்வோர் இழை நுனியிலும் ஒரு பொட்டு வைத்தான்.

கரையே வாயைப் பிளந்தது. கீச்சிக்குத் தலை சுற்றியது. "அடியே! இனிமே காத தூரத்திலிருந்தே உன் வீடு தெரியும்டி!"

சிலும்பிக்கு ஓடையில் தன்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அதே சிலும்பின தலைதான். ஆனால் இப்போது யாருக்குக் கேலி செய்ய வாய் வரும்?

"சரிக்கா, நான் போறேன்" என்றான் நெருப்பு.

அங்கேதான் வினை.

"என்ன சொன்னே?" என்றாள் சிலும்பி, வழக்கப்படி.

"போறேன்னு..."

"என் வாசல்ல நின்னுக்கிட்டு அப்படிச் சொல்லக் கூடாது. போய்ட்டு வரேன்னு சொல்லு."

கீச்சி இறக்கையால் வாயைப் பொத்தினாள். தைல மரம் உச்சி வரை நடுங்கியது. அதன் உடம்பெல்லாம் எண்ணெய், அதற்குத்தானே தெரியும். "சிலும்பி, வேணாம்டி, அவன் போகட்டும்டி" என்று கீச்சி காதோரம் கெஞ்சினாள்.

நெருப்பு நம்பாமல் கேட்டான். "நான் திரும்ப வரணுமாக்கா? என்னை எல்லாரும் போன்னுதான் சொல்லியிருக்காங்க. வான்னு யாரும் சொன்னதில்லையே."

அவன் குரலைக் கேட்டபின் சிலும்பிக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. "வராம? தம்பின்னு ஆயிட்டே. அக்கா வீட்டுக்கு வராம எங்கே போவே? ஒழுங்கா வாயைத் திறந்து சொல்லு."

நெருப்பு நிமிர்ந்து நின்று சொன்னான். "போய்ட்டு வரேன்க்கா."

நெருப்புக்கு நாக்கு ஆயிரம், வாக்கு ஒன்று. சொல்லிவிட்டான். சொன்னது சொன்னதுதான்.

அவன் மேட்டைத் தாண்டினானோ இல்லையோ, ஊர் கூடிவிட்டது. நெட்டைக்கால் ஈமுக்கோழிதான் முன்னால் நின்றது. எந்தக் காரியத்திலும் அதுதான் முன்னால் நிற்கும், ஆபத்து என்றால் முன்னால் ஓடும்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? போற சனியனைப் போன்னு விடாம, வான்னு வெத்தலை பாக்கு வச்சு அழைச்சிருக்கியே! இன்னைக்குக் குச்சியில வந்தான். நாளைக்குக் காட்டோட வருவான். நாங்களாவது ஓடுவோம். உனக்குக் கால் இருக்கா?"

"எனக்குக் கால் எதுக்கு? நான் எங்கேயும் போறவ இல்ல" என்றாள் சிலும்பி.

அப்படிச் சொன்னாளே தவிர, காய் பிடித்தபோது அவளுக்கே பயம் வந்துவிட்டது. அந்த வருஷம் புதுச் சிவப்பைப் பார்த்துக் காட்டிலுள்ள தேன்குருவியெல்லாம் வந்து மொய்த்ததில், அவள் காய்த்த காய்ப்பு சொல்லி மாளாது. கிளை கொள்ளாமல் பிள்ளைகள். அவ்வளவு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெருப்பை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் ராத்திரியெல்லாம் அவள் ஓர் இலையைக்கூட மூடவில்லை.

கீழே இறக்கிவிட்டால் நிழல் தின்னும். மேலே வைத்திருந்தால் நெருப்பு தின்னும். என்னதான் செய்வாள் அவள்?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். காய்க்குக் காம்பே வைக்காமல், ஒவ்வொன்றையும் கிளையோடு கிளையாக இறுக்கி அணைத்துக்கொண்டாள். மெல்லிய தோலை மாற்றி, கெட்டி மரத்தில் உருண்டையாக ஒரு வீடு கட்டினாள், சட்டைப் பொத்தான் அளவுதான். மேலே ஒரு சின்னக் கதவு. உள்ளே விதைகளை உட்காரவைத்து, "யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. காத்து கூப்பிடும், மழை கூப்பிடும், மூச்சு விடக் கூடாது" என்று சொல்லிச் சாத்தினாள்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? இருட்டில் உட்கார்ந்துகொண்டு தொணதொணவென்று ஆரம்பித்தன.

"அம்மா, எப்பம்மா திறப்பே?"

"திறக்கறேன், திறக்கறேன்."

"எங்களுக்குக் காது குத்த வேணாமா? ஓட்டை போட்டாத்தானே வெளிச்சம் தெரியும்?"

"குத்தலாம், குத்தலாம்."

"எப்பன்னு சொல்லு!"

அவளும் எத்தனை தடவைதான் சமாளிப்பாள்? பிள்ளைகளிடம் வழக்கமாக எல்லாத் தாயும் சொல்லித் தப்பிக்கிற பதிலைச் சொன்னாள். "காது குத்தறதுன்னா சும்மாவா? தாய்மாமன் மடியில உக்காந்துதான் குத்தணும். மாமா வரட்டும், பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமா யார்? உள்ளே பிள்ளைகள் குதூகலமாகக் கத்தின. "மாமா வந்தாத்தான் திறப்போம்! மாமா வந்தாத்தான் திறப்போம்!" அந்தக் காலத்தில் சொன்னது சொன்னதுதான். இனி அவளே கெஞ்சினாலும் அந்தக் கதவு திறக்காது.

வருஷம் போயிற்று. மற்ற செடிகளுக்குக் கிளை நுனியில் பூ பூத்தால் அதோடு அந்தக் கிளை முடிந்தது. சிலும்பிக்கு முடிய மனசு வரவில்லை. வடக்கு மேட்டில் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பூத்த பூவின் நடுவாகவே துளைத்துக்கொண்டு தலையை நீட்டுவாள். இலை விடுவாள். அடுத்த வருஷம் அதற்கு மேலே பூப்பாள், காய்ப்பாள், அதையும் தாண்டித் தலையை நீட்டுவாள். பின்னால் கிளையெங்கும் மூத்தது, இளையது, அதற்கு இளையது என்று பிள்ளைகள் வளையல் அடுக்கின மாதிரி வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

"யாரைடி எட்டி எட்டிப் பாக்கறே?" என்பாள் கீச்சி.

"யாரையும் பாக்கல."

"பயமா இருக்கா?"

"பயம்தான்." மேட்டை இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டானோ இல்லையோ" என்பாள்.

கீச்சி தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்புறம் ஒரு கோடை வந்தது, முந்தின எந்தக் கோடையும் அப்படி இல்லை. ஓடை மெலிந்து நூலாயிற்று. ஒரு நாள் உச்சி வெயிலில் வடக்கு மேடு இருண்டது. கங்காருக்கள் கூட்டமாகத் தாவிப் போயின. ஈமு எல்லாருக்கும் முன்னால் ஓடியது. மரக்கிளையில் தூங்கிக்கொண்டிருந்த கோலாக் கரடியைக்கூட யாரோ உலுக்கி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"வந்துட்டான்டி! ஐயோ, உன்னை எப்படிடி தூக்கிட்டுப் போவேன்?" என்று கீச்சி அவள் கிளையை அலகால் பிடித்து இழுத்தாள். அந்த அலகு எவ்வளவு, அந்தச் செடி எவ்வளவு?

"நீ போ. போய்ட்டு வா" என்றாள் சிலும்பி.

கீச்சி அழுதுகொண்டே பறந்தாள்.

நெருப்பு மேட்டிலிருந்து இறங்கினான். மலையளவு வளர்ந்திருந்தான். தைல மர உச்சியெல்லாம் அவன் இடுப்புக்குத்தான் வந்தது. ஆனால் குரல் மட்டும் அதே குரல். "அக்கா! வந்துட்டேன்க்கா! சொன்ன மாதிரியே வந்துட்டேன்!"

ஓடி வந்தவன், முன்பு உட்கார்ந்து சாப்பிட்ட மணல் திட்டு வந்ததும் சட்டென்று நின்றுவிட்டான். காற்று அவன் முதுகில் கை வைத்துத் தள்ளியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தான். எல்லாம் கரி.

"யாரையும் தொடக் கூடாதுன்னுதான்க்கா வந்தேன்" என்றான். "நான் வளந்துட்டேன். இப்பல்லாம் நடந்தாலே மேல படுது. கிட்ட வந்தா நீயும் போயிடுவே." சிலும்பியையே பார்த்தான். "நான் வச்ச பொட்டு அப்படியே இருக்கே. அது போதும். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்படியே ஓடையில இறங்கி அணைஞ்சுடறேன்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது சிலும்பியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உயிர் யாருக்குத்தான் வெல்லமில்லை?

அப்போது அவன் தோளுக்குப் பின்னால் அவள் கண் போயிற்று. எத்தனையோ காலமாக வானத்தை மறைத்து நின்ற கூரை அங்கே இல்லை. புதர் இல்லை, புல் இல்லை. சாம்பல் விழுந்த வெற்று மண், எருப் போட்டு வைத்த பாத்தி மாதிரி. அதன்மேல் வெயில் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. தரையில் வெயில் விழுந்து அவள் பார்த்ததே இல்லை.

உள்ளேயிருந்து ஒரு குட்டிக் குரல் வந்தது. "அம்மா, யாரும்மா வாசல்ல? மாமாவா?"

நாக்கு நுனியில் நின்ற வார்த்தையைச் சிலும்பி விழுங்கிவிட்டாள்.

"அணையறதாவது! விருந்தாளி வாசல்ல நின்னு பேசற பேச்சா இது?" என்றாள். "தம்பி, உன் மருமக்களுக்கு இன்னும் காது குத்தல. உனக்காகத்தான் உக்காந்திருக்குதுங்க. மடியை விரி."

நெருப்புக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பதறினான். "நான் தொட்டா...?"

"கதவை மட்டும் தொடு. உள்ளே கை போகக் கூடாது. தொட்டதும் சட்டுன்னு நகந்துடணும், கொஞ்சிக்கிட்டு நின்னே, தம்பின்னு பாக்க மாட்டேன், உதைப்பேன். நீ போய் மண் ஆறுனதும் அதுங்க இறங்கிக்கும்."

"உனக்கு என்னக்கா ஆகும்?"

"விசேஷ வீட்டுல வீட்டுக்காரி நிக்கறாளா படுத்தாளான்னு யாரு பாக்கறா? வாடா, நேரமாகுது."

நெருப்பு வந்தான். மடியை விரித்தான். கிளை கிளையாக, வரிசை வரிசையாக, மூத்ததிலிருந்து கடைக்குட்டி வரை அத்தனை கதவையும் தொட்டான். அன்றைக்கு எழுந்த புகையைப் பார்த்தவர்கள் அது புகை என்றுதான் சொல்வார்கள். அவன் அழுததைச் சிலும்பி ஒருத்திதான் பார்த்தாள்.

இலை சுருண்டது. சிவப்பு இழையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் அவனோடு கலந்துவிட்டது. "அக்கா... போறியாக்கா?" என்றான் அவன்.

"வாயைக் கழுவு" என்றாள் சிலும்பி, மூச்சு வாங்க. "எத்தனை தடவை சொல்றது? போய்ட்டு வரேன்."

சொல்லிவிட்டு, நுனியிலிருந்து உயிரைச் சுருட்டிக்கொண்டு, கிளை வழியாகத் தண்டுக்கு, தண்டு வழியாக வேருக்கு இறங்கி, மண்ணுக்கடியில் அந்தப் பருத்த அடிக்கட்டைக்குள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்கு என்று தினம் ஒரு பிடி ஒதுக்கி வைத்தாளே, அந்த இடம். அது அவளுக்கே உதவும் என்று அவள் நினைத்ததில்லை.

மண்ணுக்குள்ளே இருட்டு. ஆனால் சத்தம் கேட்டது. முதலில் "போய்ட்டு வரேன்க்கா" என்று நெருப்பு நகர்ந்து போகிற குரல். பிறகு மேலே பொட், பொட் என்று கதவுகள் விட்டுத் திறந்தன. அப்புறம் பொலபொலவென்று எதுவோ உதிர்ந்தது, கூடவே ஆயிரம் குட்டிக் குரல்கள்.

"போய்ட்டு வரோம்மா! போய்ட்டு வரோம்மா!"

சிலும்பி இருட்டில் படுத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். போறேன் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை.

மழை பெய்தது. நல்ல மழை. அதற்கப்புறம் தலைக்குமேலே தெரிந்த குரல் ஒன்று ஒப்பாரி வைக்க ஆரம்பித்தது. கீச்சி, கரிந்த குச்சியில் உட்கார்ந்துகொண்டு. "போயிட்டாளே! என் சிலும்பி போயிட்டாளே! சாப்பிட்டியான்னு கேக்க இனி யாரு இருக்கா? போயிட்டாளே!"

சிலும்பி முதலில் பொறுத்துக்கொண்டாள். பாவம், அழட்டும். மறுநாளும் வந்து அதையே பாடினாள் கீச்சி. போயிட்டாளே, போயிட்டாளே. தன் வாசலில் நின்றுகொண்டு, எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதோ அந்த வார்த்தையை! சிலும்பிக்குக் கீழேயிருந்து கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அடிக்கட்டையை ஒரு உதை உதைத்தாள். கரிக்கட்டைக்கு அடியில் மண் வெடித்து, இளஞ்சிவப்பாய், பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று முடி வைத்த ஒரு கொழுந்து வெளியே வந்தது.

"யாருடி போயிட்டா?"

கீச்சி குச்சியிலிருந்து கீழே விழுந்தாள்.

"அழுதது போதும். கண்ணைத் துடை. ரெண்டு நாளா சாப்பிட்டியா இல்லியா?" என்றது கொழுந்து.

கீச்சி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சிலும்பியும் திரும்பிப் பார்த்தாள். கரித்தரை முழுக்க, வெயிலில், நகக்கண் அளவுக்கு ஜோடி ஜோடியாகப் பச்சை இலைகள். எண்ணினால் கண் பட்டுவிடும். அதில் மிகப் பக்கத்தில் நின்ற ஒன்று, இன்னும் கழுத்து நிற்காத ஒன்று, அவள் பக்கமாகச் சாய்ந்து கூப்பிட்டது.

"அம்மா."

சிலும்பி கொழுந்தை அந்தப் பக்கமாகச் சாய்த்து, "என்னடா கண்ணு?" என்றாள்.

மெல்ல மெல்ல ஊர் திரும்பியது. ஈமு கடைசியாக வந்தது, தலையைக் குனிந்துகொண்டு. பிள்ளைகளைப் பார்த்தது, புதுப் புல்லை மேய்ந்தது, எதையும் ஒப்புக்கொள்ளாமல் கிளம்பியது. "சரி, போறே..." என்று ஆரம்பித்து, கொழுந்து நிமிர்வதைப் பார்த்துவிட்டு, எச்சிலை விழுங்கி, "போய்ட்டு வரேன்மா" என்றது.

இன்றைக்கு அவள் வம்சம் கடல் கடந்து நம் ஊட்டி, கொடைக்கானல் பூங்கா வரை வந்துவிட்டது. நாம் அந்தச் செவ்விழைப் பூவைப் பார்த்துவிட்டு, புட்டி கழுவுகிற பிரஷ் மாதிரி இருக்கிறதே என்று அதற்குப் பாட்டில் பிரஷ் என்று பெயர் வைத்திருக்கிறோம். சிலும்பி காதில் விழுந்தால் நமக்கு இருக்கிறது. அடுத்த தடவை பார்க்கும்போது ஒரு கிளையைத் தாழ்த்திப் பாருங்கள். இழை நுனியில் மஞ்சள் பொட்டு இருக்கும். கீழே பழைய கிளையில் வளையல் அடுக்காகக் காய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் நோண்டினாலும் கிளை உயிரோடு இருக்கும்வரை அவை லேசில் வாய் திறக்காது.

அன்று முதல்தான் அந்தச் செடியின் பிள்ளைகள் மாமன் வரும்வரை கதவைத் திறப்பதில்லை. அந்தச் செடியும் பூ முடிந்த இடத்தோடு நின்றுவிடாமல், பூவைத் துளைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தலையை நீட்டி, வருகிறேன் என்று சொன்னவன் சாப்பிட்டானோ இல்லையோ என்று வழி பார்த்துக்கொண்டே இருக்கிறது.